உயிரை எங்கே ஒளித்து வைப்பது?

விடுமுறை நாள் மதியம். தொலைக்காட்சியில் ஹாரி பாட்டர் படம் ஓடுகிறது. பேரன் கண் இமைக்காமல் பார்க்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டிக்கு ஒரு சந்தேகம்.

“அந்த மூக்கில்லாதவன் எப்பவோ செத்துட்டான்னு சொன்னியேடா?”

“அவன் அப்படியெல்லாம் சாக மாட்டான் பாட்டி. உயிரைத் துண்டு துண்டாப் பிச்சு மோதிரத்துல ஒண்ணு, கிண்ணத்துல ஒண்ணு, பாம்புக்குள்ள ஒண்ணுன்னு ஒளிச்சு வெச்சிருக்கான். அத்தனையையும் அழிச்சாத்தான் அவனைக் கொல்ல முடியும்.”

“அவ்வளவுதானா! ஏழு மலை, ஏழு கடல் தாண்டி, கிளிக்குள்ள உயிரை வெச்சிருந்த மந்திரவாதி கதைதானே இது?”

இப்படி ஓர் உரையாடல் பல வீடுகளில் நடந்திருக்கும். பேரனுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், பாட்டி சொன்னதுதான் சரி. மாயாஜாலக் கதைகளிலும் வீடியோ கேம்களிலும் அடிக்கடி வந்து மிரட்டும் ‘சாகாத மந்திரவாதி ராஜா’வின் பூர்வீகம் பாட்டிக்குத் தெரிந்த கதைகளில்தான் இருக்கிறது. அவனுடைய வயது சில ஆயிரம் ஆண்டுகள்.

பிணம் என்று பெயர் வைத்த ராஜா

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லியபடியே ஆடும் ஆட்டம் அது. அடுத்த ஆண்டு வந்த இணைப்புப் புத்தகத்தில் ஒரு புது அரக்கன் சேர்ந்தான். பெயர் ‘லிச்’.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பிணம் என்று பொருள். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில், கல்லறைத் தோட்டத்து வாசலில் கூரை போட்ட ஒரு நுழைவாயில் இருக்கும். சவப்பெட்டியைச் சுமந்து வருகிறவர்கள் பாரத்தை இறக்கி வைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருக்கும் இடம். அதற்கு ‘லிச் கேட்’ என்றே பெயர். நம்மூர் சுமைதாங்கிக் கல்போல, பிணத்துக்கு ஒரு சுமைதாங்கி.

விளையாட்டில் வரும் லிச் ஒருகாலத்தில் மனிதன். பெரும்பாலும் பெரிய மந்திரவாதி. சில சமயம் அரசன். படித்து முடிக்க ஓர் ஆயுள் போதாது, ஆண்டு முடிக்கவும் போதாது என்று நினைத்தவன். தன் உயிரை உடம்பிலிருந்து பிரித்து ஒரு பெட்டியிலோ மணியிலோ பூட்டி வைக்கிறான். அதன் பிறகு உடம்பு வற்றி எலும்புக்கூடாகும். கண் இருந்த குழிகளில் இரண்டு தணல் மட்டும் எரியும். வெட்டினாலும் திரும்ப வருவான். பெட்டியைக் கண்டுபிடித்து உடைத்தால்தான் தீர்வான். அந்தப் பெட்டிக்கு விளையாட்டில் வைத்த பெயர் ஒரு பழைய கிரேக்கச் சொல். அதன் பொருள் தாயத்து!

இன்று கைப்பேசியில் குழந்தைகள் ஆடும் எத்தனையோ விளையாட்டுகளில் கடைசிக் கட்டத்தில் வந்து நிற்கும் எலும்புக்கூட்டு ராஜா, இந்த லிச்சின் வாரிசுதான்.

தங்கம் பூசிய துடைப்பம்

லிச்சுக்கு முந்தைய தலைமுறையில் ரஷ்யாவில் ஒருவன் இருக்கிறான். பெயர் கஷ்செய். ‘சாகாதவன்’ என்பது பட்டப்பெயர். எலும்பும் தோலுமான கிழவன், மந்திரம் தெரிந்தவன், பொன்னாசை பிடித்தவன். இளம்பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டையில் அடைப்பது அவன் வழக்கம். 1855 முதல் 1863 வரை ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து வெளியிட்ட அலெக்சாண்டர் அஃபனாசியேவின் நூலில் இவன் கதை பல வடிவங்களில் இருக்கிறது.

கடலுக்கு நடுவே ஒரு தீவு. தீவில் ஓர் ஓக் மரம். மரத்தடியில் புதைத்த பெட்டி. பெட்டிக்குள் முயல். முயலுக்குள் வாத்து. வாத்துக்குள் முட்டை. அந்த முட்டைக்குள் இருக்கிறது கஷ்செயின் மரணம். முட்டைக்குள் ஓர் ஊசி, ஊசி முனையில் மரணம் என்று சொல்வதும் உண்டு.

இவ்வளவு பத்திரமாக வைத்த ரகசியம் எப்படி வெளியே போனது? கதையின் அழகே அங்கேதான். ஒரு வடிவத்தில், சிறைப்பட்ட வசிலிசா என்ற பெண் அவனிடம் அன்பாகப் பேசி, “உன் மரணம் எங்கே இருக்கிறது?” என்று கேட்கிறாள். “வாசற்படியில் கிடக்கும் துடைப்பத்தில்” என்று புளுகுகிறான். அவள் அந்தத் துடைப்பத்துக்குத் தங்கம் பூசி, ரிப்பன் கட்டி, மேஜைமேல் வைக்கிறாள். பார்த்துவிட்டுக் கஷ்செய் சிரிக்கிறான். அடுத்த முறை, “ஆட்டில் இருக்கிறது” என்கிறான். அவள் ஆட்டின் கொம்புக்குத் தங்கம் பூசுகிறாள். தன் சாவைக்கூட ஒருத்தி இப்படிச் சீராட்டுகிறாளே என்று கிழவன் உருகிப்போகிறான். மூன்றாவது முறை உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

படைகளால் முடியாததை ஒரு துடைப்பம் செய்துவிட்டது.

முட்டையைத் தேடிப் போகிறவர்கள் வழியில் பசியால் வாடுகிறார்கள். குட்டிகளோடு ஒரு நாய், குஞ்சுகளோடு ஒரு கழுகு, ஒரு நண்டு என்று எதிர்ப்படுகின்றன. கொன்று தின்றிருக்கலாம். ஆனால், பாவம் என்று விட்டுவிடுகிறார்கள். பெட்டியிலிருந்து முயல் ஓடும்போது நாய் பிடிக்கிறது. வாத்து பறக்கும்போது கழுகு பிடிக்கிறது. முட்டை கடலில் விழும்போது நண்டு எடுத்து வருகிறது. நார்வே நாட்டில் ‘உடம்பில் இதயம் இல்லாத அரக்கன்’ என்றொரு கதை உண்டு. அங்கும் தீவு, வாத்து, முட்டை எல்லாம் இருக்கின்றன; உதவிக்கு வரும் மிருகங்களும் இருக்கின்றன.

ஆறு பானைக்குக் கீழே ஒரு கிளி

பாட்டி சொன்ன கிளிக்கும் அச்சில் ஏறிய வரலாறு இருக்கிறது. 1860-களில் பம்பாய் கவர்னராக இருந்தவர் பார்ட்டில் ஃப்ரேர். அவர் மகள் மேரி ஃப்ரேர், வீட்டில் ஆயாவாக இருந்த அன்னா லிபரேட்டா டி சூசா சொன்ன கதைகளைக் கேட்டு எழுதி வைத்தார். அன்னா அவற்றைத் தன் பாட்டியிடம் கேட்டவர். அந்தத் தொகுப்பு 1868-ல் தக்காணத்துப் பழங்கதைகள் என்ற பெயரில் லண்டனில் நூலாக வந்தது.

அதில் பஞ்ச்கின் என்றொரு மந்திரவாதி வருகிறான். பால்னா என்ற ராணியைப் பன்னிரண்டு ஆண்டுகள் அடைத்து வைக்கிறான். தேடி வந்த அவள் கணவனையும் மற்ற ராஜகுமாரர்களையும் கல்லாக்கிவிடுகிறான். தொட்டிலில் விட்டு வந்த பிள்ளை வளர்ந்து, மாறுவேடத்தில் கோட்டைக்குள் வருகிறான். மகன் சொன்னபடி, பால்னா நயமாகப் பேசி மந்திரவாதியின் ரகசியத்தைக் கறக்கிறாள். தொலைதூரக் காடு; நடுவில் வட்டமாகப் பனை மரங்கள்; அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு தண்ணீர்ப் பானைகள்; கடைசிப் பானைக்குக் கீழே ஒரு கூண்டு; கூண்டுக்குள் பச்சைக்கிளி. அந்தக் கிளி செத்தால் அவனும் செத்தான்.

இந்தப் பையனும் போகும் வழியில் கழுகுக் குஞ்சுகளைப் பாம்பிடமிருந்து காப்பாற்றுகிறான். அவை அவனைச் சுமந்துகொண்டு போய்க் காட்டில் இறக்குகின்றன. கிளியோடு திரும்பி வந்தவன், முதலில் கல்லானவர்களை எல்லாம் உயிர்ப்பிக்க வைக்கிறான். பிறகு கிளியின் இறக்கையைப் பிய்க்க, மந்திரவாதியின் கை விழுகிறது. காலைப் பிய்க்க, கால் விழுகிறது. கழுத்தைத் திருக, கதை முடிகிறது.

1890-ல் ஜேம்ஸ் ஃப்ரேசர் ‘பொற்கிளை’ என்ற புகழ்பெற்ற ஆய்வு நூலை எழுதினார். உடம்புக்கு வெளியே உயிரை வைப்பது பற்றி நாடு நாடாகக் கதைகளைத் திரட்டி அதில் அடுக்கினார். அந்த வரிசையில் பஞ்ச்கினும் உண்டு, கஷ்செயும் உண்டு. பாட்டிகள் சொன்னது பேராசிரியர்களின் புத்தகத்துக்குப் போனது இப்படித்தான்.

நம் மயில் ராவணனையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ராம லட்சுமணர்களைப் பாதாளத்துக்குத் தூக்கிப் போன மாயக்காரன் அவன். அவன் உயிர் ஐந்து வண்டுகளில் இருந்தது என்று சொல்வார்கள். ஐந்து விளக்குகளில் இருந்தது என்றும் சொல்வார்கள். ஐந்து விளக்கையும் ஒரே மூச்சில் அணைக்கத்தான் அனுமன் ஐந்து முகம் எடுத்தான் என்பது பஞ்சமுக ஆஞ்சநேயர் கோயில்களில் சொல்லப்படும் கதை.

மோதிரமும் வரமும்

பாட்டி கதையை இருபதாம் நூற்றாண்டு நாவலுக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் டோல்கீன். ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் அவர். 1954-55ல் வெளிவந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில், சாரன் என்ற கொடுங்கோலன் தன் ஆற்றலில் பெரும்பகுதியை ஒரு மோதிரத்தில் இறக்கி வைக்கிறான். மோதிரம் எரிமலையில் உருகும் நொடியில் அவன் கோட்டையும் சரிகிறது. உயிரையோ ஆற்றலையோ வெளிப்பொருளில் வைக்கும் பழைய புராண மரபில் வந்ததுதான் அந்த மோதிரம் என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அதே நாவலில் ஆங்மார் நாட்டின் சூனியக்கார அரசனும் வருகிறான். மனிதனாகப் பிறந்து, சாரன் கொடுத்த மோதிரத்துக்கு ஆசைப்பட்டு, சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் நிழலாகிப் போனவன். எந்த ஆண்மகன் கையாலும் அவன் வீழ மாட்டான் என்று ஒரு வாக்கு உண்டு. கடைசியில், ஆண் வேடத்தில் போருக்கு வந்த எயோவின் என்ற பெண்தான் அவனை முடிக்கிறாள். துணைக்கு ஒரு குள்ளன். இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு மகிஷாசுரன் ஞாபகம் வராமல் போகாது. பெண்ணால் என்ன செய்ய முடியும் என்ற இளக்காரத்தில் அவளை மட்டும் விட்டுவிட்டு வரம் கேட்டவன் அவன். சிங்கத்தின் மேல் ஏறி வந்த தேவியிடம் அவன் பின்வாங்கும் காட்சி, மாமல்லபுரத்துக் குகைச் சிற்பத்தில் 1,300 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு யோசித்து வரம் கேட்டாலும் ஒரு வாசல் திறந்தே இருக்கும் என்பது எல்லா ஊர்க் கதைக்கும் தெரிந்திருக்கிறது.

ஜே.கே. ரௌலிங் தன் வோல்டமார்ட் கதையில் இதற்கு ஒரு விலையைச் சேர்த்தார். உயிரைப் பிளக்க வேண்டுமானால் ஒரு கொலை செய்ய வேண்டும். ஒவ்வொரு கொலைக்கும் ஒரு துண்டு. துண்டுகள் கூடக் கூட அவன் முகத்தில் மனிதச் சாயல் குறைந்துகொண்டே போகிறது. பாட்டி கேட்ட அந்த மூக்கு, அப்படித்தான் காணாமல் போனது.

கருவாட்டு வண்டிக்குப் பின்னால் ஒரு பேரரசர்

இதெல்லாம் கற்பனை என்று ஒதுக்க முடியாதபடி, வரலாற்றிலும் ஒருவர் இருக்கிறார். சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங். 13 வயதில் சின் நாட்டுக்கு அரசரானார். கி.மு. 221-ல், சண்டையிட்டுக்கொண்டிருந்த நாடுகளை எல்லாம் வென்று ஒரே பேரரசாக்கினார். எழுத்து, எடை, அளவு எல்லாவற்றையும் ஒன்றாக்கினார். அவர் கட்டளைக்கு அடங்காதது ஒன்றே ஒன்று: சாவு.

சாகாத மனிதர்கள் வாழும் தீவுகள் கிழக்குக் கடலில் உண்டு என்று நம்பி, சூ ஃபூ என்பவர் தலைமையில் சிறுவர் சிறுமியரைக் கப்பலேற்றி அனுப்பினார். மருந்து வரவில்லை. அரண்மனை மருத்துவர்கள் கொடுத்த பாதரச மருந்துகளே அவர் ஆயுளைக் குறைத்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. கி.மு. 210-ல், சாம்ராஜ்யத்தைச் சுற்றிப் பார்க்கும் பயணத்தின் நடுவே இறந்தார். வயது 49.

அதன் பிறகு நடந்ததை வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதி வைத்திருக்கிறார். செய்தி வெளியே தெரிந்தால் கலகம் வரும் என்று உடன் சென்றவர்கள் பயந்தார்கள். பேரரசரின் மூடுவண்டி அப்படியே ஊர்வலம் வந்தது. வேளாவேளைக்கு உள்ளே சாப்பாடு போயிற்று. வண்டிக்குள்ளிருந்து உத்தரவுகளும் வந்துகொண்டிருந்தன. கோடைக்காலம். பிணம் நாறத் தொடங்கியது. நாற்றத்தை மறைக்க உப்பு மீனை வண்டியில் ஏற்றிக் கூடவே ஓட்டி வந்தார்கள். மூத்த மகனைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி, செத்த அரசர் பெயரில் ஒரு பொய்க் கடிதம் போயிற்று. மகன் அதை நம்பி உயிரை விட்டான்.

இறந்த பிறகும் ஆணையிட்ட அரசர், உயிரோடிருந்த மகனைக் கொன்ற பிணம். எந்த மாயாஜால எழுத்தாளரும் இதைவிடப் பயங்கரமாக ஒரு லிச்சை எழுதியதில்லை.

1974-ல் கிணறு வெட்டிய விவசாயிகள் கையில் அவருடைய களிமண் படைவீரர்கள் சிக்கினார்கள். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு முகம். அவர்கள் காவல் நிற்கும் கல்லறை மேடு இன்றுவரை திறக்கப்படவில்லை. உள்ளே பாதரசத்தால் ஆறுகளும் கடலும் அமைத்திருப்பதாகச் சிமா சியான் எழுதினார். மேட்டின் மண்ணைச் சோதித்தபோது, வழக்கத்தைவிடப் பல மடங்கு பாதரசம் இருப்பது தெரிந்தது. கடல், அதற்குள் ஒரு மேடு, மேட்டுக்குள் ஒரு பெட்டி. கஷ்செயின் தீவேதான்.

தம்பியின் இதயம்

உயிரை வெளியே வைத்தவர்கள் எல்லாருமே வில்லன்களா? இந்த வகையில் மிகப் பழைய கதைகளுள் ஒன்று இல்லை என்கிறது. சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் பாப்பிரஸில் எழுதப்பட்ட அண்ணன் தம்பி கதை அது. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

தம்பி பாட்டா நல்லவன். வீண்பழி சுமந்து வீட்டைவிட்டுப் போகும்போது, தன் இதயத்தை எடுத்து ஒரு மரத்தின் உச்சிப்பூவில் வைக்கப்போவதாக அண்ணனிடம் சொல்கிறான். “உன் கையில் இருக்கும் பானம் பொங்கி வழிந்தால், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொள். என் இதயத்தைத் தேடு. தேடிச் சலித்துவிடாதே” என்பது அவன் வேண்டுகோள். சில காலம் கழித்து மனைவியே காட்டிக்கொடுக்க, மரம் வெட்டப்படுகிறது. பாட்டா செத்து விழுகிறான். அங்கே அண்ணன் கையில் பானம் பொங்குகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். மூன்று ஆண்டுகள் தேடுகிறான், கிடைக்கவில்லை. நான்காம் ஆண்டு கிடைக்கிறது. குளிர்ந்த நீருள்ள கிண்ணத்தில் அந்த இதயத்தைப் போட, அது நீரைக் குடித்து உயிர்க்கிறது. தம்பி கண் விழிக்கிறான்.

கஷ்செயும் உயிரை வெளியேதான் வைத்தான். ஆனால், தீவுக்குப் போய் அவன் முட்டையைக் காப்பாற்ற ஒருவர்கூட இல்லை. பஞ்ச்கினின் கிளிக்கு ஆறு பானை காவல் இருந்தது. அழுவதற்கு ஆள் இல்லை. முட்டையைத் தேடிப் போனவர்களும் வழியில் உயிரை வெளியே வைத்தவர்கள்தான்: நாயிடம் கொஞ்சம், கழுகிடம் கொஞ்சம், நண்டிடம் கொஞ்சம். பெட்டியில் பூட்டாமல், பிற உயிர்களிடம் விட்டார்கள். ஆபத்து வந்தபோது அவை ஓடி வந்தன.

“அவன்மேலதான் உயிரையே வெச்சிருக்கா” என்று தமிழில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். பிள்ளை வெளியூருக்குப் போனால் தாய்க்கு இங்கே உயிர் இருப்பதில்லை. கைப்பேசியில் “வந்து சேர்ந்துட்டேன்” என்று செய்தி வந்த பிறகுதான் போன உயிர் திரும்பி வருகிறது. பிள்ளைக்கு ஒன்றென்றால் தாங்க முடியாது என்று தெரிந்தேதான் அங்கே வைக்கிறாள். அந்தப் பயம் வேண்டாம் என்றுதான் மந்திரவாதிகள் உயிரை முட்டையிலும் மோதிரத்திலும் வைத்தார்கள்.

1902-ல் ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் கஷ்செய் கதையை ஓபராவாக மாஸ்கோவில் மேடையேற்றினார். அதில் ஒரு சிறு மாற்றம். இந்தக் கஷ்செய் தன் மரணத்தை முட்டையில் வைக்கவில்லை; தன் மகளின் கண்ணீரில் வைத்தான். கல்நெஞ்சக்காரி அவள், அழவே மாட்டாள். அதைவிடப் பத்திரமான இடம் வேறு எது?

ஒருநாள் அவள் ஓர் இளவரசனை விரும்புகிறாள். அவன் மனம் வேறொருத்தியிடம் இருக்கிறது. தோற்று நிற்கும் அவளைப் பார்த்து இரக்கப்பட்ட அந்த வேறொருத்தி, கிட்டே வந்து நெற்றியில் முத்தமிடுகிறாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கண்ணில் நீர் வழிகிறது.

கோட்டைக்குள் கஷ்செய் சாகிறான். கதவுகள் திறந்துகொள்கின்றன.